வேடிக்கைச் செயலியும் பயன்பாட்டுச் செயலியும்: ஆப் ஸ்டோரின் தொடக்ககாலப் பொருளியல், 2008–2016

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலை 10 அன்று திறந்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அதன் பொருளியலுக்கு ஒரு விளக்கம் நிலைபெற்றுவிட்டது. ட்விட்டரிஃபிக் செயலியை உருவாக்கிய ஐகான்ஃபேக்டரியைச் சேர்ந்த கிரெய்க் ஹாக்கன்பெரி, டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸுக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார். 99 சென்ட் விலையில் விற்கும் அற்பமான செயலிகளை அவர் ரிங்டோன்களோடு ஒப்பிட்டார். விற்பனை எண்ணிக்கையை வைத்துக் கடை வெளியிடும் தரவரிசையில் அவையே மேலே நிற்கின்றன. அந்த விலையோடு போட்டியிட்டால், பல மாத உழைப்பைக் கேட்கும் செயலியின் ஆக்கச் செலவு திரும்பாது. ஆகவே நல்ல செயலிகள் எழுதப்படாமலே போகும். அவர் வாதத்தின் சாரம் இது.

இந்த மடலை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தொழிலின் உள்ளிருந்து, கணக்கு தெரிந்த ஒருவர் எழுதியது அது. பின்னால் வந்த பலரும் இந்த வாசிப்பையே வழிமொழிந்தார்கள். எனினும் அவர் நோயின் அறிகுறியைக் காரணமாகக் கொண்டார் என்பதே என் கருத்து. விலையும் தரவரிசையும் மேல்மட்டத்துச் செய்திகள். பணம் எந்தக் கணத்தில் கைமாறுகிறது என்பதே அடிப்படை.

இதற்கு நான் சான்றாகக் கொள்வது ஒரு விற்பனைப் பட்டியல். குசு ஒலி எழுப்பும் ஐஃபார்ட் மொபைல் என்ற செயலியை விற்ற ஜோயல் காம், 2008 டிசம்பர் 12 முதல் 22 வரையிலான நாள்வாரி எண்ணிக்கையைத் தாமே வெளியிட்டார். முதல் நாள் 75 படிகள். 18ஆம் தேதி 3,086. 19ஆம் தேதி 3,117. பிறகு 5,497, 9,760, கடைசியாக 13,274. பதினொரு நாள் மொத்தம் 42,089. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி மூன்று நாளில் விற்றது. தரவரிசையோ 19ஆம் தேதி ஒன்பதாம் இடம், பிறகு நான்கு, இரண்டு, ஒன்று.

மேலோட்டமாகப் பார்த்தால் இப்பட்டியல் ஹாக்கன்பெரிக்கே சாதகம்: இடம் உயர்கிறது, விற்பனை பெருகுகிறது. ஆனால் 20, 21 தேதிகள் சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸும் நெருங்கியிருந்தது. இடம் விற்பனையை உயர்த்தியதா, விற்பனை இடத்தை உயர்த்தியதா என்பதை நாள்வாரி எண்களை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. தீர்ப்பாகச் சொல்லக்கூடியது வேறொன்று. 22ஆம் தேதி வருமானத்தில் ஆப்பிளின் 30 விழுக்காடு போக விற்றவருக்குச் சேர்ந்தது 9,198 டாலர், அதாவது படிக்கு 69 சென்டுக்குச் சற்று மேல். வாங்கியவர் மறுநாள் அதைத் திறந்தாரா என்பது இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அடுத்த பிப்ரவரியில் பின்ச் மீடியா வெளியிட்ட ஆய்வின்படி, கட்டணச் செயலியை வாங்கியவர்களில் மறுநாள் திரும்பியவர்கள் 30 விழுக்காட்டினரே. வேடிக்கைச் செயலிக்கு இதனால் நட்டமில்லை, அதன் பயன் முதல் சிரிப்போடு முடிகிறது, பணமும் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. பயன்பாட்டுச் செயலிக்கு நிலை நேர்மாறு. ஓராண்டு நாள்தோறும் திறப்பவரும் ஒருமுறை திறந்து நீக்குபவரும் ஒரே தொகைதான் தருகிறார்கள்; திருத்தங்களும் பராமரிப்பும் எழுதியவர் தலையில். அக்காலத்தில் கடையில் முன்னோட்டப் பயன்பாட்டுக்கு வழி இருக்கவில்லை, புதிய பதிப்புக்குத் தனிக்கட்டணம் வாங்கவும் வழி இருக்கவில்லை.

தரவரிசைதான் குற்றவாளி என்றால், 2009 செப்டம்பரில் ஐடியூன்ஸ் 9 உடன் வருவாய் அடிப்படையிலான பட்டியல் வந்தபோது நிலைமை மாறியிருக்க வேண்டும். சிறிது காலம் மாறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: 99.99 டாலர் விலையுள்ள டாம்டாம் வழிகாட்டி போன்றவை மேலே தெரிந்தன. ஆனால் அக்டோபரில் இலவசச் செயலிக்குள்ளும் பொருள் விற்க ஆப்பிள் அனுமதித்தது. அதன் பின் அந்தப் பட்டியலைப் பிடித்தவை விளையாட்டுகள்.

எதிர்ச்சான்று 2008இலேயே இருந்தது. எவர்நோட் செயலி இலவசம். கூடுதல் வசதி வேண்டியவர்களிடம் மாதம் 5 டாலர் அல்லது ஆண்டுக்கு 45 டாலர் சந்தா. 99 சென்ட் அதைத் தொடவில்லை. வாட்ஸ்அப் ஒரு டாலருக்கே விற்றது. 2013இல் ஐஃபோனிலும் ஆண்டுக் கட்டணத்துக்கு மாறியது. இவற்றை முதலீட்டாளர் பணம் தாங்கியது என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே, இரண்டு எடுத்துக்காட்டுகளால் ஒரு விதியை நிறுவிவிட்டதாக நானும் உரிமை கோரவில்லை. ஆனால் முதலீட்டாளர் பணம் போட்டது எதை நம்பி? பயனர் நாளையும் வருவார் என்பதை நம்பித்தான். ஐஃபார்ட்டிடம் இல்லாத சொத்து அது ஒன்றே.

வேடிக்கைச் செயலியின் காலம் எப்போது முடிந்தது என்பதில் எனக்கு உறுதியில்லை. இதே வகையைச் சேர்ந்த புல் மை ஃபிங்கர் செயலியைப் பயன் குறைவு என்று 2008 செப்டம்பரில் மறுத்த ஆப்பிள், டிசம்பரில் அதை ஏற்றது. 2010 செப்டம்பர் விதிமுறையில் இவ்வகை இனி வேண்டாம் என்றது. இந்த 2010ஐ முடிவாகக் கொள்வது வழக்கம். விதி ஒன்று எழுதப்பட்டது அவ்வகை ஒழிந்ததற்குச் சான்றாகாது, மிகுந்திருந்ததற்கே சான்று. ஆகவே திருப்பத்தைப் பணம் வாங்கும் முறையிலேயே தேட வேண்டும். 2016 ஜூனில் ஆப்பிள் எல்லா வகைச் செயலிகளுக்கும் சந்தா முறையைத் திறப்பதாக அறிவித்தது. ஒரு பயனர் ஓராண்டைத் தாண்டித் தொடர்ந்தால், அதன்பின் அவர் செலுத்தும் சந்தாவில் உருவாக்கியவரின் பங்கு 70 விழுக்காட்டிலிருந்து 85 ஆக உயரும் என்றும் அறிவித்தது.