பின் சீட்டுக்கு வந்து சேர முப்பது ஆண்டுகள்



பழைய மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், தாத்தாவோட பழைய அம்பாசிடரைச் சரிசெய்து ஓட்டுறேன். குழந்தைகள் ரெண்டு பேரும் பின்னாடிதான் உட்காருறாங்க. பெல்ட் மாட்டலாம்னா, ஓட்டை போட்டா வண்டியோட பழமை போயிடும்னு நண்பர்கள் சொல்றாங்க. என்ன செய்யலாம்?" மாட்டு என்று அவரிடம் சொல்லிவிட்டேன். காரணத்தை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி 1950களின் இறுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் உருவானது. அது வரையப்பட்ட காலத்தில் சீட் பெல்ட் என்பது பெரும்பாலும் விமானத்துச் சமாச்சாரம். சில கார்களில் இடுப்புப் பட்டை மட்டும் இருந்தது. மோதும்போது அது இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். மேலுடம்போ முன்னால் மடியும், வயிறு நசுங்கும்.

இதற்கு விடை கண்டவர் ஸ்வீடனின் நீல்ஸ் போலின். சாப் நிறுவனத்தில், ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கைகளை வடிவமைத்தவர். வோல்வோவுக்கு வந்த பிறகு, 1959-ல் மூன்று புள்ளி பெல்ட்டைக் கொடுத்தார். தோளில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை. ஒரே கையால் மாட்டலாம். அடியை வயிறு தாங்காமல் தோளும் மார்பும் இடுப்பெலும்பும் தாங்கும். காப்புரிமை இருந்தும், மற்ற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த வோல்வோ அனுமதித்தது.

ஆனால் அந்தப் பெல்ட் முன் சீட்டிலேயே வெகுகாலம் நின்றுவிட்டது. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சீட்டில் அணிவது கட்டாயமானது 1983-ல். புதிய கார்களின் பின் சீட்டில் பெல்ட் பொருத்தும் விதி 1987-ல். பின்னால் இருக்கும் குழந்தைகள் அணிய வேண்டும் என்றது 1989-ல், பெரியவர்களும் அணிய வேண்டும் என்றது 1991-ல். போலினிடமிருந்து பின் சீட்டுக் குழந்தையிடம் வந்து சேர முப்பது ஆண்டுகள்! நம் நாட்டில், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1000 ரூபாய் அபராதம் என்றது 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம்.

ஏன் இந்தத் தாமதம்? முன்னால் கண்ணாடியும் ஸ்டீயரிங்கும் இருக்கின்றன, பின்னால் மெத்தைதானே என்ற எண்ணம். வகுப்பில் போட்ட கணக்கை நினைவுபடுத்துகிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது, சுமார் 20 அடி உயர மொட்டைமாடியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம். கார் மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 15 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 170 கிலோ எடையைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையிலும் அது இல்லை. கட்டப்படாத பிள்ளை முன் சீட்டில் இருப்பவர் மீதும் போய் மோதும்.

"நாங்க எட்டுப் பேர் ஏறிப் போனோமே, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். ஆனவர்கள் வந்து சொல்ல முடியாதே!

இனி, பொருத்தும் முறை. பெல்ட்டை விட முக்கியம் அதைத் தாங்கும் இடம். மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டு வாஷர் வைத்து முடுக்கினால், மோதும்போது போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடியில் கனமான தகடு வைத்து, இழுவிசை பரவும்படி செய்ய வேண்டும். துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்த பிறகே இந்த வேலை. தோள்பட்டையின் மேல்முனை, உட்காருபவரின் தோளுக்குக் கீழே இருக்கக்கூடாது. இருந்தால் முதுகெலும்பை அழுத்தும். இதையெல்லாம் அறிந்த பட்டறையில்தான் செய்ய வேண்டும்.

பெல்ட் மட்டும் போதாது. பெரியவர்களுக்கான பட்டை சிறு பிள்ளையின் கழுத்திலும் வயிற்றிலும் ஏறும். வளர்ந்த பிள்ளைக்கு உயரம் கூட்டும் பூஸ்டர் சீட் வேண்டும். கைக்குழந்தைக்குப் பின்நோக்கிய இருக்கை வேண்டும். விண்வெளி வீரர்களின் இருக்கையைப் பார்த்து 1960களில் அந்த யோசனையை வளர்த்தவர் பெர்டில் ஆல்ட்மன் என்ற இன்னொரு ஸ்வீடன்காரர்.

பழமை போய்விடுமா? பழைய கார்களைக் கொண்டாடும் பிரிட்டனிலேயே, பெல்ட் இல்லாமல் உருவான காருக்கு விலக்கு உண்டு. ஆனால் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையை அதில் ஏற்றவே கூடாது. சட்டம் காரை மன்னிக்கிறது. குழந்தையைப் பணயம் வைக்க விடுவதில்லை.

உங்களில் யாரிடமாவது பழைய வண்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பின் சீட்டைத் தூக்கி, தரைத் தகட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அன்புடன்,
உங்கள் சார்