கண்மணி வழியே மூளைக்கட்டி

1850-இன் கடைசியில் கோனிக்ஸ்பர்க் நகரில் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அட்டை, பசை, மூக்குக்கண்ணாடி வில்லை, மெல்லிய கண்ணாடித் துண்டுகள் இவற்றைக் கொண்டு கண்ணுக்குள் பார்க்கும் கருவியான ஆப்தால்மோஸ்கோப்பைச் செய்தார். அதுவரை வெறும் கறுப்பாகத் தெரிந்த கண்மணிக்குள் ஒளியைச் செலுத்தி, விழித்திரையையும் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டையும் அறுக்காமலே பார்க்க முடிந்தது.

1860-இல் பெர்லின் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, மூளைக்கட்டி உள்ளவர்களுக்கு இந்த வட்டு வீங்கியிருப்பதை விவரித்தார். மூளையைச் சுற்றிய உறைகள் பார்வை நரம்பையும் போர்த்திக்கொண்டு வருகின்றன. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அந்த உறைக்குள் உள்ள நீர் வழியே அது கண்ணின் பின்புறத்தை எட்டிவிடும். வட்டின் ஓரம் கலங்கும், நடு புடைக்கும், இரத்தக்குழாய்கள் தடித்து நெளியும்.

ஆனால் வீக்கம் நன்றாக இருக்கும்போதே நோயாளி பொடி எழுத்தைக்கூடப் படித்துவிடுவார். லண்டனில் நரம்பியல் மருத்துவர் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் வலியுறுத்தியது இதைத்தான்: பார்வை குறையட்டும் என்று காத்திராமல், நரம்பு நோயாளி எவருக்கும் கண்ணுக்குள் பார்த்தாக வேண்டும். குனிந்து நிமிரும்போது இந்த வீக்கத்தால் சில நொடி கண் இருட்டுவதைப் பலர் களைப்பு என்றே தள்ளிவிடுவார்கள்.

1884 நவம்பர் 25 அன்று லண்டனில் அறுவை மருத்துவர் ரிக்மன் காட்லி 25 வயது விவசாயி ஒருவரின் மூளையிலிருந்து அக்ரூட் கொட்டை அளவுக் கட்டியை எடுத்தார். கட்டி இருக்கும் இடத்தைக் கை கால்களின் வலிப்பும் பலவீனமும் காட்டின. கட்டி இருக்கிறது என்பதற்கு இரு கண்களின் பார்வை நரம்பழற்சியும் சாட்சி. தொற்று ஏற்பட்டு அவர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்.

பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டிகளின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. இருந்தும் பார்வையைப் பறிக்கும். சுரப்பிக்கு மேலே இரு கண்களின் நரம்பிழைகள் குறுக்கே கடக்கின்றன. கீழிருந்து கட்டி அழுத்தினால் இரு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை மங்கும். நேர்ப்பார்வை தெளிவாக இருப்பதால், கதவு நிலையில் தோள் இடிப்பதற்குக் காரணம் புரியாது. இத்தகைய இழப்பை அளக்கும் முறைகளில் ஒன்று எளிமையானது: 1889-இல் கோபன்ஹேகனில் யானிக் பியெர்ரம் தம் அறைக்கதவின் பின்புறத்தையே திரையாக்கி, சிறு வெள்ளைப் புள்ளியை நகர்த்தி, அது எங்கே மறைகிறது என்று குறித்தார். பின்னர் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அமெரிக்காவில் இப்படிப்பட்ட வரைபடங்களைக் கொண்டே கட்டியின் வளர்ச்சியைத் தொடர்ந்தார்.

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. கட்டியின் இடத்தை ஊகிக்கும் வேலை அத்துடன் கண்ணைவிட்டுப் போனது. ஸ்கேன் எடுக்கச் சொல்லும் சீட்டு மட்டும் இன்றும் பல சமயம் கண் மருத்துவரின் மேசையிலிருந்தே புறப்படுகிறது.