கான்கிரீட் மீது வன்மரத் தளம் (ஆஸ்திரேலியா)

கான்கிரீட் தளத்தின்மேல் வன்மரப் பலகைகளைப் பசையால் ஒட்டிப் பதிக்கும் முறை. சிட்னி, மெல்பர்ன் நகரங்களின் வீடுகளிலும் அடுக்ககங்களிலும் பரவலாக உள்ளது.

இதன் முன்னோடியை வீட்டுக்குள் தேடுவது வீண். அது தெருவில் இருந்தது. சிட்னி நகராட்சி 1880-இல் கிங் தெருவில் மரக்கட்டைகளைப் பாவிப் பார்த்தது. நகரப் பொறியாளர் ஏட்ரியன் மவுண்டன் இதன் பெரும் ஆதரவாளர். பின்னாளில் மெல்பர்ன் நகராட்சியிலும் அதே பொறுப்பை வகித்தார். கான்கிரீட் அடித்தளத்தின்மேல் செங்கல் அளவிலான கட்டைகளை, மரத்தின் இழை மேல்நோக்கி நிற்குமாறு வைத்து, இடுக்குகளில் தார் ஊற்றினர். பிளாக்பட், டாலோவுட், நீல கம் போன்ற உள்நாட்டு மரங்களே பயன்பட்டன. குளம்போசை குறைந்ததால் கடைக்காரர்கள் மகிழ்ந்தனர். தொடக்கத்தில் கட்டைகளுக்கிடையே விடப்பட்ட இடைவெளியில் குதிரை லாடம் பட்டு விளிம்புகள் மழுங்கவே, பிறகு நெருக்கி அடுக்கினர். குதிரைச் சிறுநீர் மரத்தில் ஊறி நோய் பரப்பும் என்று 1880களில் எழுந்த அச்சம் மிகையானது. உண்மையான தொல்லை மழைநீர்தான். இழை நிமிர்ந்து நிற்கும் கட்டை நீர் குடித்தால் நான்கு பக்கமும் உப்பும். தெருவோரக் கல்லையே தள்ளிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா, காரி மரக்கட்டைகள் லண்டன் தெருக்கள்வரை சென்றன. மோட்டார் வண்டியும் நிலக்கீலும் வந்தபின் கட்டைகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. தார் ஊறியவை என்பதால் அடுப்பில் நன்றாக எரிந்தன.

வீடுகளில் அக்காலத்தில் பசைக்கு வேலையே இல்லை. சிட்னியில் செங்கல் தூண்களின்மேலும், மெல்பர்னில் பெரும்பாலும் ரெட் கம் மரக்குற்றிகளின்மேலும் விட்டங்களைப் பரப்பிப் பலகையை ஆணியால் அறைந்தனர். அடியில் காற்று உலவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், தரைமேல் நேரடியாக வார்க்கும் கான்கிரீட் தளம் பரவியபோது அந்தக் காற்றோட்டம் போயிற்று. முதலில் சிறு மரத்துண்டுகளாலான பார்க்கே தளங்களும், பின்னர் நீளப் பலகைகளும் ஒட்டப்பட்டன.

ஸ்பாட்டட் கம், பிளாக்பட், ஜாரா ஆகியவை விருப்பமான மரங்கள். ஜான்கா அளவையில் முதலாவதன் கடினம் ஏறத்தாழ 11 கிலோநியூட்டன். டாஸ்மேனியன் ஓக்குக்கு அதில் பாதிதான். பலகையின் வழக்கமான தடிமன் 19 மி.மீ. ஈரப்பதம் 9 முதல் 14 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்கிறது ஏ.எஸ். 2796 தரநிலை. கான்கிரீட் 25 மி.மீ. காய ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. எனவே 100 மி.மீ. தளத்துக்கு நான்கு மாதமாவது பொறுக்கவேண்டும். பொறுக்க முடியாதோர் எபாக்சி பூசி ஈரத்தை அடைக்கின்றனர். பல்வைத்த கரணையால் பாலியூரித்தேன் பசையை இழுத்துப் பரப்பி, பலகைகளை நாக்கும் காடியுமாகப் பொருத்துவர். மரம் விரிய இடம் வேண்டும் என்பதால் சுவரோரம் சுமார் 10 மி.மீ. இடைவெளி விட்டு, அதை ஓரப்பட்டியால் மறைப்பர். முதலில் ஒட்டுப்பலகை விரித்து, அதன்மேல் பலகையை ஒட்டி ஆணியும் அடிக்கும் வழக்கம் விட்டக் காலத்தின் எச்சமே. காய்ந்த, மட்டமான கான்கிரீட்டுக்கு நேரடி ஒட்டே போதும்.

வாளி நீர் ஊற்றித் தரை கழுவும் நம்மவர் பழக்கம் இத்தளத்துக்கு ஆகாது. பிழிந்த துணியே உகந்தது. தற்போது மெல்லிய வன்மர மேலடுக்கு கொண்ட அடுக்குப்பலகைகளும், மரம்போல் தோன்றும் வினைல் பலகைகளும் விற்பனையில் உள்ளன.