டேவ் புரூபெக்

டேவிட் வாரன் புரூபெக் (6 டிசம்பர் 1920 – 5 டிசம்பர் 2012) அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர், இசையமைப்பாளர். பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையிலேயே நடை போட்டுவந்த ஜாஸ் இசையில் 5, 7, 9 போன்ற ஒற்றைப்படைத் தாளங்களைப் பொதுமக்கள் விரும்பிக் கேட்கும்படி புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். 1951 முதல் 1967 வரை இயங்கிய ‘டேவ் புரூபெக் குவார்ட்டெட்’ என்னும் நால்வர் குழுவின் தலைவர். அக்குழு 1959இல் வெளியிட்ட ‘டைம் அவுட்’, பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற முதல் ஜாஸ் ஆல்பமாக அறியப்படுகிறது.

பிறப்பும் பண்ணை வாழ்வும்

கலிஃபோர்னியா மாநிலத்தின் கான்கார்டு நகரில் பிறந்தார். தந்தை பீட் புரூபெக் மாட்டுப் பண்ணைத் தொழிலில் இருந்தவர். தாய் எலிசபெத் பியானோ ஆசிரியை. மேடைக் கலைஞராகும் ஆசையில் இங்கிலாந்து சென்று டோபியாஸ் மாத்தே, மைரா ஹெஸ் ஆகியோரிடம் பயின்றவர். மூன்று மகன்களில் மூத்தவர்களான ஹென்ரியும் ஹவர்டும் இசைத்துறைக்கே போனார்கள். கடைக்குட்டியான டேவுக்குச் சிறு வயதிலிருந்தே கண்பார்வைக் குறைபாடு. இசைக்குறிப்பு படிக்க வரவில்லை. தாய் சொல்லிக் கொடுத்ததைக் காதால் வாங்கி அப்படியே வாசித்து நெடுநாள் சமாளித்தார்.

அவருக்குப் பன்னிரண்டு வயது ஆகும் வேளையில் குடும்பம் சியர்ரா மலையடிவாரத்து ஐயோன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை 45,000 ஏக்கர் பண்ணை ஒன்றை நிர்வகித்தார். மகனும் கால்நடைத் தொழிலுக்கே வரவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். நாள் முழுவதும் குதிரை மேல் தனியே போகவேண்டிய வேலை. குளம்பொலியை அடித்தாளமாக வைத்துக்கொண்டு, அதன் மேல் வேறொரு கணக்கை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கானது. தொட்டிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினின் தடதடப்பும் அதற்கு உதவியது. ஒரு தாளத்தின் மீது இன்னொரு தாளத்தை ஏற்றும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது என்று பிற்காலத்தில் அவரே சொன்னதுண்டு.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் கடைசிவரை மறக்கவில்லை. சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் இருந்த தம் கறுப்பின நண்பர் ஒருவரிடம் தந்தை அவரை அழைத்துப்போனார். சட்டையைத் திறந்து பையனுக்குக் காட்டும்படி தந்தை கேட்க, அந்த மனிதரின் மார்பில் மாட்டுக்குப் போடுவது போன்ற சூட்டுக்குறி தெரிந்தது. இப்படி நடக்கக் கூடாது என்றார் தந்தை. கென் பர்ன்ஸ் இயக்கிய ‘ஜாஸ்’ தொலைக்காட்சித் தொடரில் (2001) இதைச் சொல்லும்போது முதிய புரூபெக் கண்கலங்கிவிடுகிறார்.

கல்வியும் போர்க்காலமும்

ஸ்டாக்டன் நகரிலுள்ள பசிபிக் கல்லூரியில் கால்நடை மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அவருடைய மனம் எதிரே இருந்த இசைப்பள்ளியில்தான் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட விலங்கியல் பேராசிரியர், அங்கேயே போய்விடும்படி கூறினார். இசைப்பள்ளியின் கடைசி ஆண்டில்தான் அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது என்பது வெளிப்பட்டது. பட்டம் தர நிர்வாகம் மறுத்தது. அவருடைய கற்பனை வளத்தை அறிந்த ஆசிரியர்கள் பரிந்து பேசினார்கள். எக்காலத்திலும் பியானோ ஆசிரியராவதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகு 1942இல் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு உடன்படித்த ஐயோலா விட்லாக்கை மணந்தார். அடுத்து ராணுவச் சேவை.

1944இல் ஜெனரல் பேட்டனின் மூன்றாம் படைக்கு மாற்று வீரராகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். செஞ்சிலுவைச் சங்கத்தின் கலை நிகழ்ச்சி ஒன்றில் பியானோ வாசிக்க யாராவது உண்டா என்று கேட்டபோது எழுந்து போனார். அந்த வாசிப்பைக் கேட்ட அதிகாரி அவரைப் போர்முனைக்கு அனுப்பாமல் இசைக்குழு அமைக்கப் பணித்தார். ‘உல்ஃப் பேக்’ எனப் பெயரிடப்பட்ட அக்குழுவில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து இயங்கினார்கள். அமெரிக்க ராணுவத்தில் இரு இனத்தாரும் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த காலம் அது. சாக்ஸஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்டை அவர் முதலில் சந்தித்ததும் ராணுவத்தில் இருந்தபோதுதான்.

போருக்குப் பின் ஓக்லண்டின் மில்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டேரியஸ் மீயோவிடம் பயின்றார். ஜாஸை விட்டுவிடாதே, அது உன் நாட்டு இசை என்று மீயோ ஊக்கினார். ஒரே நேரத்தில் இரண்டு சுருதிநிலைகளில் இசை அமைக்கும் உத்தி மீயோவிடமிருந்து வந்தது. புரூபெக் தம் தலைமகனுக்கு டேரியஸ் என்று பெயர் வைத்தார். இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க்கிடமும் அவர் சென்றதுண்டு. ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் காரணம் கேட்கும் ஆசிரியருக்கும், காதுக்கு இனிமையாக இருந்தால் போதும் என்ற மாணவருக்கும் ஒத்துவராமல் இரண்டே பாடங்களோடு அது முடிந்தது.

நால்வர் குழு

எண்மர் குழு, மூவர் குழு எனத் தொடங்கியவரின் வாழ்வில் 1951இல் விபத்து ஒன்று நேர்ந்தது. ஹவாய்க் கடலில் பாய்ந்து குதித்தபோது மணல்திட்டில் மோதி, கழுத்து எலும்பும் நரம்புகளும் பாதிக்கப்பட்டன. கைவலி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. வேகமான ஒற்றை ஸ்வரக் கோவைகளைக் குறைத்துக்கொண்டு, இரு கைகளாலும் கனத்த கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளை) அடுக்கி வாசிக்கும் முறைக்கு அவர் சாய்ந்ததற்கு இதுவும் காரணம்.

அதே ஆண்டு டெஸ்மண்டைச் சேர்த்துக்கொண்டு நால்வர் குழுவை அமைத்தார். இரவு விடுதிகளை மட்டும் நம்பாமல் கல்லூரி அரங்குகளில் வாசிக்கலாம் என்ற யோசனையோடு கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதியவர் மனைவி ஐயோலா. ‘ஜாஸ் அட் ஓபர்லின்’ (1953), ‘ஜாஸ் கோஸ் டு காலேஜ்’ (1954) ஆகிய பதிவுகள் இந்தப் பயணங்களின் விளைச்சல். 1956இல் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவும் 1958இல் பாஸ் கலைஞர் யூஜீன் ரைட்டும் சேர்ந்ததும் குழு முழுமை அடைந்தது.

1954 நவம்பர் 8 தேதியிட்ட ‘டைம்’ இதழ் அவர் உருவத்தை அட்டையில் அச்சிட்டது. லூயி ஆம்ஸ்ட்ராங்குக்குப் பிறகு அந்த இடம் பெற்ற இரண்டாவது ஜாஸ் கலைஞர் அவரே. அன்று டென்வர் நகர விடுதியில் தங்கியிருந்த புரூபெக்கின் அறைக்கதவைத் தட்டி இதழைக் காட்டியவர், அவர் குருவைப் போல மதித்த டியூக் எலிங்டன். தமக்கு முன் எலிங்டனுக்குத்தான் அது கிடைத்திருக்கவேண்டும் என்ற கூச்சம் புரூபெக்கை விட்டு விலகவே இல்லை.

1958ஆம் ஆண்டுப் பயணம்

பனிப்போர்க் காலத்தில் ஜாஸ் கலைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவந்த அமெரிக்க வெளியுறவுத் துறை, 1958இல் இக்குழுவைப் போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், இராக் ஆகிய நாடுகளுக்கு அனுப்பியது. பம்பாயில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானுடன் இசைப் பரிமாற்றம் நடந்தது. சென்னையில் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்போடு மொரெல்லோவின் டிரம்ஸ் சேர்ந்தது. ஒற்றைப்படைக் கணக்குகளில் அன்றாடம் புழங்கும் லய மரபு ஒன்றை அக்குழு நேருக்கு நேர் கண்ட தருணம் அது.

இஸ்தான்புல் தெருவில் சில இசைக்கலைஞர்கள் ஒன்பது எண்ணிக்கைத் தாளம் ஒன்றை வாசிக்கக் கேட்டார் புரூபெக். வானொலி நிலையக் கலைஞர்களிடம் அதைப் பற்றி விசாரித்தபோது, உங்களுக்கு ப்ளூஸ் எப்படியோ எங்களுக்கு இது அப்படி என்று பதில் வந்தது. பயண அனுபவங்களை ‘ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா’ (1958) ஆல்பத்தில் இசையாக்கினார். ‘கல்கத்தா ப்ளூஸ்’ அதில் ஒன்று.

டைம் அவுட்

‘டைம் அவுட்’ ஆல்பத்தில் முழுக்கக் குழுவின் சொந்தப் படைப்புகள், பழக்கமற்ற தாளங்கள், அட்டையில் நீல் ஃபுஜிதாவின் அரூப ஓவியம். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவினருக்கு இவற்றில் எதுவும் பிடிக்கவில்லை. நிறுவனத் தலைவர் காடர்ட் லீபர்சன் துணைநின்றதால், 1959 கோடையில் நியூயார்க் 30ஆம் தெருக் கூடத்தில் பதிவு நடந்தது.

முதல் உருப்படி ‘ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்’ இஸ்தான்புல் தாளத்தின் மேல் எழுந்தது. ஒன்பதை மும்மூன்றாகப் பிரிப்பதே மேலை வழக்கம். இங்கோ மூன்று சுற்றுக்கு 2+2+2+3, நான்காவது சுற்றுக்கு மட்டும் 3+3+3. நம் சொற்கட்டில் சொன்னால், ‘தக தக தக தகிட’ மூன்று முறை, பிறகு ‘தகிட தகிட தகிட’ ஒரு முறை. இது ஓடிக்கொண்டிருக்கும்போதே இடையிடையே நான்கு எண்ணிக்கை ப்ளூஸ் தலைகாட்டி, கடைசியில் மனோதர்மப் பகுதி முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்கிறது.

‘டேக் ஃபைவ்’ டெஸ்மண்டின் படைப்பு. ஐந்து எண்ணிக்கையில் தனி ஆவர்த்தனம் செய்ய மொரெல்லோ விரும்பியதே அதன் வித்து. டெஸ்மண்ட் தனித்தனியாகக் கொண்டுவந்த இரண்டு இசைத்துணுக்குகளை ஒன்றாக இணைத்துக்கொடுத்தவர் புரூபெக். கர்நாடக இசையின் கண்டச் சாப்பு ‘தக தகிட’ என 2+3 ஆக விழும். ‘டேக் ஃபைவ்’ அதைத் திருப்பிப் போட்டதுபோல் 3+2 ஆக விழுகிறது. பதிவைக் கவனித்துக் கேட்டால் ஒன்று புலப்படும். பியானோ பெரும்பாலும் இரண்டே கார்டுகளைச் சார்ந்த ஒரு சிறு வட்டத்தைச் சுற்றிவருகிறது. டிரம்ஸ் அடியை முன்பின்னாகத் தள்ளி விளையாட முடிவது, கேட்பவருக்கு எண்ணிக்கை தவறாமல் அந்த வட்டம் காப்பதால்தான். தம் குழுவுக்கு மிகப் பெரிய புகழ் தேடித்தந்த உருப்படியில் புரூபெக் தமக்கென ஒரு தனி வாசிப்பைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

1959 டிசம்பரில் வெளிவந்த ஆல்பம், 1961இல் அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. தொடர்ந்து வந்த ‘டைம் ஃபர்தர் அவுட்’ (1961) ஆல்பத்தின் ‘அன்ஸ்கொயர் டான்ஸ்’ ஏழு எண்ணிக்கையில் அமைந்தது.

நிறவேற்றுமைக்கு எதிராக

யூஜீன் ரைட் கறுப்பினத்தவர். 1958இல் வட கரோலினாவின் கல்லூரி ஒன்று அவரோடு மேடையேறத் தடை சொன்னது. அவரில்லாமல் வாசிக்க மாட்டோம் என்று குழு அமர்ந்துவிட்டது. அரங்கில் மாணவர்களின் ஆரவாரம் கூடியது. ரைட்டைப் பின்னால் மறைவாக நிறுத்தவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. மேடையில் புரூபெக், உன் மைக் பழுதாகிவிட்டது, முன்னால் வந்து என் மைக்கில் வாசி என்று ரைட்டை அழைத்துக்கொண்டார். 1960இல் தென்மாநிலக் கல்லூரிகளில் ஏற்பாடாகியிருந்த 25 நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை, ரைட்டை மாற்ற அவர் மறுத்ததால் ரத்தாயின.

கறுப்பினக் கலைஞர்களை உலகெங்கும் தூதர்களாக அனுப்பிவிட்டு, உள்நாட்டில் அவர்களைச் சமமாக நடத்தாத முரணைப் பகடி செய்து, ஐயோலாவுடன் சேர்ந்து ‘தி ரியல் அம்பாசடர்ஸ்’ என்ற இசைநாடகத்தை அமைத்தார். லூயி ஆம்ஸ்ட்ராங் முக்கிய வேடமேற்க, 1962இல் மான்டரே ஜாஸ் விழாவில் அது நிகழ்த்தப்பட்டது.

பிற்காலப் படைப்புகள்

பெரிய இசைப் படைப்புகளை எழுதுவதற்காக 1967 இறுதியில் குழுவைக் கலைத்தார். ‘தி லைட் இன் தி வில்டர்னஸ்’ (1968) கிறிஸ்துவின் போதனைகளை அடிப்படையாகக் கொண்டது. ‘தி கேட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்’ (1969) யூதர்களையும் கறுப்பின மக்களையும் நெருக்கமாக்கும் நோக்கில், எபிரேய மறைநூல் வாசகங்களையும் மார்ட்டின் லூதர் கிங்கின் சொற்களையும் சேர்த்துக் கோத்தது. ‘டு ஹோப்!’ என்ற திருப்பலி இசையை அமைத்த பிறகு, அதில் விடுபட்டிருந்த கர்த்தர் ஜெபத்துக்கான இசை கனவில் வந்ததாகக் கூறினார். அதையொட்டி 1980இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

ஆறு மக்களில் டேரியஸ், கிறிஸ், டான், மேத்யூ ஆகிய நால்வர் இசைக்கலைஞர்கள். தந்தையோடு மேடை ஏறியவர்கள். 1988இல் மாஸ்கோவில் ரீகன்–கோர்பசேவ் சந்திப்பின்போது விருந்தில் புரூபெக் வாசித்தார்.

மதிப்பீடு

அவருடைய வாசிப்பு கனமானது, ஜாஸுக்கு உயிரான ‘ஸ்விங்’ என்னும் ஊஞ்சலாட்டம் அதில் குறைவு என்பது அவர் காலத்து விமர்சகர்கள் பலரின் குறை. மிதந்து செல்லும் டெஸ்மண்டின் சாக்ஸஃபோனுக்குப் பக்கத்தில் இந்தக் கனம் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. ஆனால் சக கலைஞர்களின் கணிப்பு வேறாக இருந்தது. மைல்ஸ் டேவிஸ் இவருடைய ‘இன் யுவர் ஓன் ஸ்வீட் வே’, ‘தி டியூக்’ ஆகிய இரண்டையும் எடுத்து வாசித்துப் பதிவுசெய்தார்.

அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம் (1994), கிராமி வாழ்நாள் சாதனை விருது (1996), கென்னடி மைய விருது (2009) ஆகியவை பெற்றார். ‘டைம் அவுட்’ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2005ஆம் ஆண்டுக்கான தேர்வுகளில் இடம்பெற்றது. தம் 92ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், கனெக்டிகட் மாநிலம் நார்வாக்கில் காலமானார்.

டெஸ்மண்ட் அவருக்கு முன்பே, 1977இல் மறைந்துவிட்டார். ‘டேக் ஃபைவ்’ இசைக்கான உரிமைத்தொகையை அவர் உயில் மூலம் எழுதிவைத்தது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. 1944இல் புரூபெக்கைப் போர்முனைக்குப் போகாமல் தடுத்த அந்தக் கலை நிகழ்ச்சியும் செஞ்சிலுவைச் சங்கம் நடத்தியதுதான்.