சென்னையில் அச்சான சுல்தானாவின் கனவு

விடுமுறைக்கு வந்த பேரன் நண்பர்களோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடினான். ஆளுக்கொரு வேஷம், கையில் தாயக்கட்டை மாதிரி ஒன்று, ஊர் ஊராகப் போவதற்குப் பதில் கிரகம் கிரகமாகப் பயணம். 'டிராவலர்' என்று பெயர். 1977-ல் அமெரிக்காவில் வந்ததாம். அதில் ஆஸ்லான் என்று சிங்கத்தைப் போன்ற ஓர் இனம். ஆண்களுக்கு நிலமும் சண்டையும். பணம், வியாபாரம், விஞ்ஞானம் எல்லாம் பெண்கள் பொறுப்பு. காசைத் தொடுவதே ஆணுக்குக் கேவலம்! "எப்படி தாத்தா கற்பனை?" என்று கேட்டான். நல்ல கற்பனைதான். ஆனால் இதைவிடத் துணிச்சலான ஒன்று 1905-லேயே நம் சென்னையில் அச்சாகியிருக்கிறது. நம்மில் பலருக்கே அது தெரியாது.

பத்திரிகையின் பெயர் 'இந்தியன் லேடீஸ் மேகஸின்'. 1901-ல் இதைத் தொடங்கியவர் கமலா சத்தியநாதன், சென்னை மாகாணத்தில் எம்.ஏ. பட்டம் பெற்ற முதல் பெண்மணிகளில் ஒருவர். சத்தியநாதன் குடும்பம் என்றால் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்துக்காரர்களுக்கு இன்றும் ஞாபகம் இருக்கும். கமலாவின் கணவர் சாமுவேலின் முதல் மனைவி கிருபாபாய், 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடல்நலம் கெட்டதால் படிப்பை விட்டவர். பிறகு 'சகுணா' என்ற நாவலை எழுதினார். அது தொடராக வந்தது கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகையில். ஆமாம், நம்ம தாம்பரம் எம்.சி.சி.தான். அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது, தாம்பரத்துக்கு வந்தது 1937-ல்.

அந்தப் பெண்கள் பத்திரிகைக்கு வங்காளத்துப் பக்கமிருந்து ஒரு கதை வந்தது. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன், பிறந்தது 1880-ல், ரங்பூருக்குப் பக்கத்தில் பைராபந்த் கிராமத்தில். கடுமையான கோஷா வீடு. பள்ளிக்கூடமே போனதில்லை. வீடு தூங்கிய பிறகு அண்ணன் விளக்கு வெளிச்சத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். பிறகு பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டார். கணவர் சர்க்கீட் போயிருந்த நாட்களில், பொழுது போகாமல் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்ததுதான் 'சுல்தானாவின் கனவு'. திரும்பி வந்த கணவர் உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே படித்து முடித்தாராம்.

சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த சுல்தானா, பெண்கள் ஆளும் நாட்டில் விழிக்கிறாள். அங்கே ஆண்கள்தான் வீட்டுக்குள். அடுக்களை, குழந்தை எல்லாம் அவர்கள் பாடு. ஜனானாவுக்குப் பதில் மர்தானா. தெருவில் கூச்சப்பட்டு நடக்கும் சுல்தானாவைப் பார்த்து, 'ஆம்பளை மாதிரி' இருக்கிறாள் என்று அங்கத்திய பெண்கள் சிரிக்கிறார்கள்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்பதில்தான் அம்மையாரின் சாமர்த்தியம். மகாராணி பெண்களுக்குப் பள்ளிகள் திறக்கிறாள், 21 வயதுக்குள் கல்யாணம் கூடாது என்று உத்தரவு போடுகிறாள். பெண்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் எழுகின்றன. ஒன்று ஆகாயத்திலிருந்து தண்ணீர் எடுக்க வழி கண்டுபிடிக்கிறது, இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்க. ஆண்களோ பட்டாளத்தைப் பெருக்குவதில் மும்முரம், இந்த ஆராய்ச்சிகளைக் கேலி செய்கிறார்கள். பிறகு யுத்தம் வந்து ஆண்கள் தோற்கிறார்கள். பெண்கள் வெளியே வந்து போரிட வசதியாக, ஆண்கள் உள்ளே போகச் சம்மதிக்கிறார்கள். 2,000 மாணவிகள் சூரிய ஒளியைக் குவித்து எதிரியின் மேல் திருப்ப, எதிரிப்படை ஓட்டம். உள்ளே போன ஆண்கள் அதோடு சரி! போலீஸ் கமிஷனர்களும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுகளும் வெளியே விடும்படி மனுப் போட்டும், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று பதில் வருகிறது. எழுதியவரின் கணவர் என்ன உத்தியோகம் என்பதை மறக்காமல் படித்தால் இந்த இடம் இன்னும் ருசிக்கும்.

அலுவலகத்துக்கு அங்கே இரண்டே மணி நேரம் போதும். ஆண்கள் ஆபீசில் ஒரு நாளைக்கு 12 சுருட்டு, சுருட்டுக்கு அரை மணி என்று 6 மணி நேரத்தைப் புகைத்தே தீர்த்தார்கள் என்று கணக்குப் போடுகிறார். 35 வருஷம் ஆபீஸ் போனவன் என்ற முறையில், கணக்கு பெரிய அளவில் தவறில்லை.

என் மனதில் தைத்தது வேறு இடம். வெளியே போவது பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்கிறாள் சுல்தானா. அப்படியானால் ஆபத்து விளைவிப்பவரை அல்லவா பூட்ட வேண்டும், ஒன்றும் செய்யாதவரை ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்கிறாள் சாரா. 1962-ல் என் பெரியக்கா எஸ்.எஸ்.எல்.சி. நல்ல மார்க்கில் தேறினாள். காலேஜ் என்றால் குரோம்பேட்டையில் ரயிலேறிப் போய் இருட்டும் நேரத்துக்குத் திரும்ப வேண்டும். ஸ்டேஷன் வாசலில் விடலைப் பையன்கள் நிற்பார்கள். அப்பா அக்காவை வீட்டோடு நிறுத்திவிட்டார். நின்ற பையன்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவுக்கு இப்போது 80 தாண்டிவிட்டது. கதையைச் சொன்னபோது, "யாருடா எழுதினா, நல்லாக் கேட்டிருக்கா" என்றாள். வேறொன்றும் பேசவில்லை.

கதை வந்தபோது சென்னை நகரில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரிகூடக் கிடையாது. ராணி மேரி கல்லூரி திறந்ததே 1914-ல். அமெரிக்காவில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் ஆண்களே இல்லாத நாட்டைக் கற்பனை செய்து 'ஹெர்லேண்ட்' எழுதியது 1915-ல். நம்மவர் பத்து வருஷம் முந்திக்கொண்டார். கதையில் ஒரு குறையும் உண்டு. பாதிப் பேரைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது, உள்ளே இருப்பவர் மட்டும் மாறியிருக்கிறார். ஆனால் எழுதியவர் அதை ஊருக்கு யோசனையாகச் சொல்லவில்லை, ஆண்களுக்குக் கண்ணாடி காட்டினார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கணவர் 1909-ல் காலமானார். அவர் பெயரிலேயே பள்ளி தொடங்கி, 1911 முதல் கல்கத்தாவில் நடத்தினார் ரொக்கேயா. பெண் குழந்தைகளை அழைத்துவரப் பேருந்து வாங்கினால், கோஷாவுக்காக அதை முழுக்க மூட வேண்டியிருந்தது. இருட்டிலும் புழுக்கத்திலும் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். பிறகு ஜன்னலைத் திறந்து திரை போட்டார். காற்றில் திரை விலகுகிறது என்று மிரட்டிக் கடிதங்கள் வந்தன. சுல்தானாவை மின்சார விமானத்தில் பறக்கவிட்டவர், 1932-ல் இறக்கும் வரை அந்தப் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார்.