ஹெரால்ட் (மலேசியக் கத்தோலிக்க வார இதழ்)

ஹெரால்ட் என்பது மலேசியக் கத்தோலிக்கத் திருச்சபையின் வார இதழ். கோலாலம்பூரிலிருந்து 1994 முதல் வெளிவருகிறது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிப் பகுதிகள் ஒரே இதழில் இடம்பெறுகின்றன. கோலாலம்பூர் பேராயர் இதன் வெளியீட்டாளர். 2009ஆம் ஆண்டு வாக்கில் வாரம் சுமார் 14,000 படிகள் விற்பனையாயின. பங்கு மக்களுக்கான இவ்விதழை உலகம் அறியச் செய்தது 2009 முதல் 2015 வரை நடந்த ஒரு வழக்கு.

பின்னணி

கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய ஆலயங்கள் சில, மொழிவாரியான மக்களுக்கெனப் பிரெஞ்சு மறைப்பணியாளர்களால் எழுப்பப்பட்டவை. பிரிக்பீல்ட்ஸில் உள்ள செபமாலை அன்னை ஆலயம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கத்தோலிக்கருக்காகவும், புடுவில் உள்ள புனித அந்தோனியார் ஆலயம் தமிழருக்காகவும் அமைந்தன. கிள்ளான் நகரில் தெங்கு கிளானா சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயம் 1928இல் கட்டப்பட்டது. கோலாலம்பூர் 1955இல் தனி மறைமாவட்டமாகவும், 1972இல் உயர்மறைமாவட்டமாகவும் ஆயிற்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் (1962–65) திருப்பலி மக்களின் மொழிகளில் நிகழலாயிற்று. ஒரே ஆலயத்தில் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு மொழிகளில் திருப்பலி நடப்பது இப்பகுதியில் வழக்கமாயிற்று. 1976இல் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் கூடிப் பங்கு வாழ்வைச் சீரமைக்கத் திட்டமிட்டனர்; அன்பியம் எனப்படும் அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்கள் அதன் பின் வளர்ந்தன. ஹெரால்டின் நான்கு மொழி அமைப்பு இந்தப் பங்குச் சூழலுக்கு ஏற்றது.

உள்ளடக்கம்

ஆலய வளாகங்களில் விற்கப்படும் இதழ் இது. திருத்தந்தை, ஆயர்கள் தொடர்பான செய்திகள், பங்கு நிகழ்ச்சிகள், திருவிழாக்கள் ஆகியவற்றுடன் ஞாயிறு வாசகங்களை ஒட்டிய சிந்தனைகளும் இடம்பெறும்.

1969இல் வெளியான திருப்பலி வாசக நூல், ஞாயிறு வாசகங்களை மூன்றாண்டுச் சுழற்சியில் அமைத்தது. முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா நற்செய்திகள் முதன்மை பெறுகின்றன. யோவான் நற்செய்தி தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் மிகுதியாக வாசிக்கப்படும். கிள்ளானில் தமிழில் கேட்கும் பகுதியையே பிரிக்பீல்ட்ஸில் இன்னொருவர் சீனத்தில் கேட்பார். வாசகம் முன்கூட்டியே தெரியும் என்பதால், வார இதழுக்கு அச்சிந்தனையை முன்னதாக எழுதித் தர முடிகிறது. மறையுரை அந்தந்தப் பங்கின் நல்லது கெட்டதுகளைத் தொட்டுப் பேசும். இதழில் வரும் சிந்தனை எல்லாப் பங்குகளுக்கும் பொதுவாக அமையும்.

வழக்கு

உள்துறை அமைச்சு 5 டிசம்பர் 1986 தேதியிட்ட உத்தரவில், 'அல்லாஹ்' உள்ளிட்ட நான்கு சொற்களை முஸ்லிம் அல்லாதாரின் வெளியீடுகளில் பயன்படுத்தத் தடை விதித்திருந்தது. ஹெரால்டின் மலாய்ப் பகுதி, கடவுளைக் குறிக்க அச்சொல்லைப் பயன்படுத்தியது. சபா, சரவாக் மாநிலங்களின் மலாய் பேசும் கிறிஸ்தவர்களிடம் இச்சொல் நெடுநாளாக வழக்கிலுள்ளது. ஜனவரி 2009இல், 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்கீழ் வழங்கிய வெளியீட்டு உரிமத்தில் அமைச்சு இத்தடையை நிபந்தனையாகச் சேர்த்தது. அப்போதைய பேராயர் மர்பி பாக்கியம் பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தார். இயேசு சபைக் குரு லாரன்ஸ் ஆண்ட்ரூ அப்போது ஆசிரியராக இருந்தார்.

31 டிசம்பர் 2009 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி லாவ் பீ லான் திருச்சபைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அடுத்த சில நாட்களில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 8 ஜனவரி 2010 அன்று தேசா மெலாவாத்தியில் ஒரு புரொட்டஸ்டன்ட் ஆலயம் தீக்கிரையானது. சொல் வழக்கின் தொன்மைக்குச் சான்றாக, 1631இல் ரோமில் அச்சான மலாய்–லத்தீன் அகராதியைத் திருச்சபை 2011இல் மறுபதிப்பாக வெளியிட்டது.

14 அக்டோபர் 2013 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முந்தைய தீர்ப்பை மாற்றியது. அச்சொல் கிறிஸ்தவ நம்பிக்கையின் இன்றியமையாத கூறு அன்று என்பது அதன் முடிவு. ஜனவரி 2014இல் சிலாங்கூரில் ஆலயங்கள் முன் எதிர்ப்புக் கூட்டங்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. ஐந்தாம் தேதி ஞாயிறன்று கிள்ளான் லூர்து அன்னை ஆலயத்தில், முஸ்லிம்கள் உள்ளிட்ட பிற சமயத்தவர் பூக்களுடன் வந்து ஆதரவு தெரிவித்தனர்.

கூட்டரசு நீதிமன்றம் 23 ஜூன் 2014 அன்று, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், மேல்முறையீட்டு அனுமதியை மறுத்தது. சீராய்வு மனுவும் 21 ஜனவரி 2015 அன்று தள்ளுபடியானது.

பிந்தைய நிலை

சரவாக்கைச் சேர்ந்த ஜில் அயர்லாந்து தொடுத்த தனி வழக்கில், 1986 உத்தரவு சட்டத்துக்குப் புறம்பானது என்று உயர் நீதிமன்றம் 10 மார்ச் 2021 அன்று தீர்ப்பளித்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை அரசு 2023இல் திரும்பப் பெற்றது. ஹெரால்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இது நீக்கவில்லை. உரிமத்தில் சேர்த்த நிபந்தனை மலாய்ப் பகுதியைப் பற்றியதே. 'இறைவன்', 'ஆண்டவர்' என எழுதும் தமிழ்ப் பகுதி வழக்கில் இடம்பெறவில்லை.