வழியில் ஒரு மணி நேரம்



வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை செல்லும் நம்மில் பலர், சீர்காழி கடந்து காரைக்கால் போகும் வழியிலுள்ள தரங்கம்பாடியில் இறங்குவதில்லை. தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620-இல் டேனிஷ்காரர் தொடங்கிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. அருகே 1306-இல் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் பெரும்பகுதியை அலைகள் விழுங்கிவிட்டன.

1706-இல் இக்கரையில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, 1715-இல் இவ்வூரிலேயே தமிழில் அச்சேறி முடிந்தது. 1718-இல் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார். அவர் லூத்தரன் சபையார். நமக்குப் பிரிந்த சகோதரர். ஆயினும் 1995-இல் இரு சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தைக் கையில் வைத்திருக்கும் நாம், அம்முன்னோடியை மறக்கலாகாது.

கல்லைக் கடல் கொண்டது, இறைவார்த்தையோ நிலைத்தது. அடுத்த யாத்திரையில் அங்கே இறங்கி, ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லிச் செல்லுங்கள்.